பிறை காட்டிய விரல்

முனாப் காக்கா சுறுமாக் கோலை முதலில் கண்ணுக்குக் கொண்டுபோக மாட்டார், நாக்குக்குத்தான் கொண்டுபோவார். அந்தி மஃரிப் தொழுதுவிட்டுக் கடைப் பலகையில் வந்து அமர்ந்ததும் பித்தளைச் சிமிழின் மூடியைப் பெருவிரல் நகத்தால் நெம்பித் திறப்பார். கருங்காலிக் கோலைச் சாரன் தலைப்பில் துடைப்பார். நாக்கின் நுனியை வெளியே நீட்டி, அதன்மேல் கோலைக் கிடையாக வைத்து மெல்ல ஓர் உருட்டு உருட்டுவார். ஈரம் பட்ட கோலைச் சிமிழுக்குள் விட்டு எடுத்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, முகட்டைப் பார்த்தபடி வலக் கண்ணுக்கும் பிறகு இடக் கண்ணுக்கும் இழுப்பார். கண்ணிரண்டும் நீர் கட்டி நிற்கும். கோலில் ஒட்டியிருக்கும் மிச்சக் கறுப்பை மறுபடியும் நாக்கிலேயே துடைத்துக்கொள்வார். வீணாக்கக் கூடாதாம்.

அரைக்கும்போதும் அப்படித்தான். இடித்த சுறுமாக் கல்லைக் கல்வத்தில் போட்டுப் பன்னீர் விட்டு நாட்கணக்கில் அரைப்பார். பதம் பார்க்க ஒரு சிட்டிகையை முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்பார். கறுக்கென்று சத்தம் வந்தால் இன்னும் அரைக்க வேண்டும். சத்தமில்லாமல் வழுக்கினால் இறக்கிவிடலாம்.

"விரலால பதம் பாக்கக் கூடா மனே," என்பார் என்னிடம். "விரல் பொய் செல்லும். பல்லு செல்லாது."

அதனால் அவருடைய நாக்கு எந்நேரமும் கறுத்திருந்தது. பிற்காலத்தில் பல் ஈறான முரசிலும், பற்களின் வேரோரமாக, நீலமும் கறுப்பும் கலந்த மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. எவ்வளவு விளக்கினாலும் அது போகவில்லை. சுறுமாவின் பரக்கத்து, அதன் அருள் என்று சிலர் அதைச் சொன்னார்கள். அவருடைய மனைவி றுகையா மட்டும் வேறு விதமாகச் சொன்னார்: "ஊரெல்லாம் கண்ணுக்குப் போடுற சாமான். எங்கட ஆளுக்கு அது சோத்துக்குக் கறி."

கல்முனைக்கும் நிந்தவூருக்கும் நடுவே, பெரிய தெருவோரம், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பலகைக் கடை. தொப்பி, அத்தர், சாம்பிராணி, மய்யித்தைக் குளிப்பாட்டக் கற்பூரம், சொறிக்குக் கந்தகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் மையான சுறுமா. முனாப் காக்கா மீன்பிடிக்காரரின் மகன். ஆனால் தோணியில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுப்பார். "கடல் தாங்காத கடலான்" என்று கேலி செய்யப்பட்டு, கொழும்புக்குப் போய், ஓர் அத்தர்க் கடையில் நின்று சுறுமா அரைக்கப் பழகினார். ஊர் திரும்பி றுகையாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறினார். பிள்ளைகள் இல்லை.

எங்கள் வீடு அந்தக் கடைக்கும் றுகையா வீட்டுக்கும் அடுத்த வளவு. கல்முனைப் புத்தகக் கடையில் வாங்கும் கவிதைச் சஞ்சிகைகளை வீட்டில் வைத்துப் படிக்க எனக்குக் கூச்சம். அவருடைய கடையின் உட்பலகையில் இருந்து படிப்பேன். ஒருநாள் ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மனே, கூரை ஒழுகின மாதிரி அங்க ஒரு சொல்லு, இங்க ஒரு சொல்லு? சட்டி வெச்சிப் புடிக்கணுமே."

நான் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவரிடம் பேசுவதைவிட அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

கல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவர் வேறு மனிதர். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலாட்கள் சொன்ன கதைகள் அவை. பூமிக்கு அடியில் தண்ணீர் கொதிக்கிறது. கொதித்த தண்ணீர் பாறையில் உள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியே ஏறுகிறது. மேலே வர வர ஆறி, கொண்டுவந்ததை வழியிலேயே விட்டுவிடுகிறது. அப்படி விட்டுப் போனதுதான் சுறுமாக் கல். நெருப்பு மலைகளின் வாயில் தண்ணீர்கூட வேண்டாம், வெறும் புகையே பொடியாகப் படியும். அந்த மஞ்சள் பொடிதான் கந்தகம்.

சொறிக்குக் கந்தகம் வாங்க வருபவர்களிடம் பொட்டலத்தை நீட்டி, "மலை விட்ட மூச்சு. பூசிட்டு மூணு நாளைக்கு மனிசிக்குப் பக்கத்துல போகாத, நாறும்," என்பார்.

இந்தக் கதை உண்மைதானா என்று பார்க்க ஒரு முறை அம்பாறைக்குப் போய், அங்கிருந்து மகாஓயா வெந்நீர் ஊற்றுக்கும் போய்வந்தார். சட்டைப்பை நிறைய கூழாங்கற்கள். கற்களில் வெள்ளை வெள்ளையாக உப்புத் தோல் படிந்திருந்தது. சுறுமா இல்லை.

"கிணத்துக்குள்ள முட்டையக் கட்டி எறக்கினன். அரை அவியலா வந்திச்சி," என்று வியப்போடு சொன்னார்.

"முட்ட அவிக்க மகாஓயாக்குப் போகணுமா?" என்றார் றுகையா. "நம்மட அடுப்பு என்ன செத்தா போச்சி?"

அவரிடம் முதலில் இருந்த கல் பழைய முதலாளி கொடுத்தது. அதை உடைத்தால் நீள நீளமாக, ஊசிக் கட்டை அவிழ்த்தாற்போல் பிரியும். எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதி திறந்து விடப்பட்டதும் புதுக் கல் வந்தது. கையில் வைத்தால் கனத்தது. உடைத்த முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. பழைய கல்லைப்போல் ஊசியாகப் பிரியாமல் சின்னச் சின்னச் சதுரமாக, சீனிக் கட்டிபோல உடைந்தது. அந்தச் சதுரங்களை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார்.

"பாத்தியா, அல்லா அளவுகோல் வெச்சி வெட்டின மாதிரி. பழைய கல்லு தோத்துப் போச்சி."

புதுக் கல் நன்றாக விலைபோனது. பெருநாள் காலங்களில் வீட்டுக்கு வீடு அந்தச் சிமிழ்தான். அவர் இரட்டிப்பாக அரைத்தார். இரட்டிப்பாகக் கடித்துப் பார்த்தார்.

அவருடைய கண் கூர்மை ஊர் அறிந்தது. தெருவில் வரும் பஸ்ஸின் பலகையை மற்றவர்கள் பஸ்ஸைக் காண்பதற்கு முன்பே வாசிப்பார். சுறுமாவுக்கு அதைவிட விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. ஆகவே எழுபத்தொன்பதாம் ஆண்டு நோன்பின் கடைசியில், பெருநாள் பிறை பார்க்கப் போன கூட்டம் அவரை முன்னால் விட்டுக்கொண்டு போனதில் புதுமை இல்லை.

எங்கள் கடல் கிழக்கே. பிறை விழுவது வயல் பக்கம். சிறுபோக அறுவடை முடிந்த வட்டை வயலுக்குள், வாய்க்கால் வரம்பில் நாங்கள் நின்றோம். சூடடித்த களங்களில் சப்பி நெல் எரிந்த புகை தாழ்வாகப் படர்ந்திருந்தது. மேற்கே ஒரு நீள மேகம். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தும் எனக்கு மரங்களே கலங்கலாகத்தான் தெரிந்தன.

"அந்தா," என்றார் முனாப் காக்கா.

வலக் கை நீண்டது. சுட்டுவிரல் ஆடாமல் நின்றது. "ஒத்த மருத மரத்துக்கு வலப் பக்கம். மேகத்துக்குக் கீழ. நகம் வெட்டிப் போட்ட மாதிரி."

எல்லாக் கழுத்துகளும் திரும்பின. பிறகு, களத்தில் காவல் இருக்கும் சரீப் என்ற இளைஞன், "ஓம், ஓம், நானும் கண்டன்," என்றான். அதற்குள் மேகம் இன்னும் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. வேறு எவரும் காணவில்லை.

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு இருந்தது. பள்ளி நிர்வாகத் தலைவரான மரைக்கார் அப்துல் ஹமீட் இருவரையும் பள்ளிக்குள் அழைத்து வைத்து விசாரித்தார். வானொலி அதற்குள், கொழும்பில் பிறை தென்படவில்லை, நாளையும் நோன்பு என்று சொல்லியிருந்தது.

"முனாப், வடிவாப் பாத்தியா?" என்றார் மரைக்கார். "ஊர்ர நோன்பு உன்ட கண்ணுல தொங்குது."

"ஊரு என்ட கண்ணுல தொங்கினாலும் மரைக்கார், பிறை வானத்துலதான் தொங்கிச்சி. கண்டன்."

குர்ஆன் கொண்டுவரப்பட்டது. அதன்மேல் வலக் கையை வைத்துச் சத்தியம் செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே ஒரு சொல் சேர்த்துச் சொன்னார்: "பொய் எண்டா இந்தக் கை விளங்காமப் போகட்டும்."

"அப்பிடியெல்லாம் செல்லாத," என்றார் மரைக்கார். சொல்லி முடிந்துவிட்டது.

மறுநாள் எங்கள் ஊருக்குப் பெருநாள். மருதமுனையில் நோன்பு, நிந்தவூரில் நோன்பு. நாங்கள் புது உடுப்போடும் சுறுமாக் கண்ணோடும் தெருவில் நின்றோம். பஸ்களில் போனவர்கள் காய்ந்த உதட்டோடு எங்களைப் பார்த்தார்கள். ஒரு கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "முனாப் பெருநாள் ஊர் ஆக்கள் இறங்குங்க," என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. முனாப் காக்காவும் சிரித்தார். கண்டவருக்குச் சிரிப்பதில் என்ன கஷ்டம்.

அன்று மாலை இரண்டாம் பிறை தெரிந்தது. புகைக்குள் மெலிந்து தெரிந்தது. இரண்டாம் பிறை இவ்வளவு மெல்லிசாக இருக்குமா என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வி தேத்தண்ணிக் கடைகளில் தங்கிவிட்டது. சில கிழமைகள் கழித்து, அதே கடைகளில் ஒன்றில் சரீப்பை இருத்திவைத்துக் கேட்டபோது, அவன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்:

"நான் அவர்ர விரல் போன பக்கம் பாத்தன். அந்த விரல் அவ்வளவு நேரா நிண்டிச்சி. இல்லெண்டு செல்ல வாய் வரல்ல."

"அப்ப நீ காணல்ல?"

"கண்ட மாதிரித்தான் இரிந்திச்சி."

இனி ஒரு கண் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் முனாப் காக்காவை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு அவர் முன்பு ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். ஊர் அப்படி ஒன்றைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை.

மாரி மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி நிறைந்திருந்தது. ஸஃப் வரிசையில் நான் முனாப் காக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். தக்பீர் சொல்லிக் கைகளை உயர்த்தியபோது என் ஓரக் கண்ணில் ஏதோ பிசகாகப் பட்டது. அவருடைய இடக் கை விரிந்து உயர்ந்தது. வலக் கை தோள் வரை வந்தது. ஆனால் மணிக்கட்டுக்கு மேலே எழவில்லை. நனைந்த துணி கொடியில் கிடப்பதுபோல உள்ளங்கை கீழ்நோக்கித் தொங்கியது.

தொழுகையில் அடுத்தவரைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். அத்தஹிய்யாத்து ஓதும் இருப்பில் இருந்தோம். கலிமாச் சொல் வரும் இடத்தில் வரிசை முழுவதும் வலக் கைச் சுட்டுவிரல்கள் எழுந்தன. நேராக, ஒன்றன் பின் ஒன்றாக, முழங்கால்களின் மேல். அவருடைய விரல் எழவில்லை. அவர் அதைப் பார்த்தார். மறுபடியும் முயன்றார். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, விரல் மட்டும் இறந்த மீன்போல் தொடைமேல் கிடந்தது. கடைசியில் இடக் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். விட்டதும் விழுந்தது.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவருக்கு வலப் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைக் கண்டேன். அவரும் பார்த்திருக்கிறார். பின் வரிசையும் பார்த்திருக்கிறது. ஒருவர், இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு, 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று முணுமுணுத்தார். கை விளங்காமப் போகட்டும் என்ற சொல் பள்ளியின் அதே தூணடியில்தான் சொல்லப்பட்டிருந்தது. பிறையைக் காட்டியதும் அதே விரல்தான்.

இப்படி ஒன்று கதைகளில் நடக்கும். என் முழங்காலுக்கு முழங்கால் தொட்டுக்கொண்டு நடக்கும் என்று நான் எண்ணியதில்லை.

அதன்பிறகு கடைக்கு ஆட்கள் வருவது நின்றது. அவர் தோளில் ஒரு துவாயைப் போட்டு அதற்குள் கையை மறைத்துக்கொண்டார். நாட்டு வைத்தியரான பரிசாரியார் வாதம் என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். றுகையா பகலும் மாலையும் உருவிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அழைத்தபோது முனாப் காக்கா மறுத்துவிட்டார்.

"டாக்குத்தர் கையப் பாப்பாரு. கை ஏன் விழுந்த எண்டு பாப்பாரா?"

"அது விழுந்தது விழுந்ததுதான், ஏன் எண்டு கேக்க நீங்க என்ன பொலிசா?" என்றார் றுகையா.

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இரிக்கணும்? நீங்க கண்டீங்க. கண்ட ஆளு கண்ட எண்டுதான் செல்ல ஏலும்."

அவர் சுறுமாச் சிமிழை இடக் கையால் எடுத்து, கோலை நாக்கில் வைத்து உருட்டினார். கை விழுந்த பிறகு முன்னைவிட அதிகமாகப் போட்டுக்கொண்டார். அது ஷிபா, நோயை எடுக்கும் என்று நம்பினார். வயிற்றுக் குத்தும் தொடங்கியிருந்தது. குத்து வரும்போது கடைப் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடப்பார்.

ஒரு மாலை நான் சஞ்சிகையோடு போயிருந்தேன். மழைக்கு யாரும் வெளியில் இல்லை. அவர் நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மனே, அண்டைக்கு நீயும் வரம்புலதானே நிண்டாய்," என்றார்.

"ஓம் காக்கா."

"நீ கண்டியா?"

"எனக்குத் தூரம் தெரியாதே காக்கா. நான் மரத்தயே சரியாக் காணல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு, கடைக்கு வந்த ஒருவரிடம் விலை கேட்பதுபோல் அமைதியாகக் கேட்டார்: "நான் கண்டனா?"

தான் கண்டாரா என்பதை ஒரு மனிதர் இன்னொருவரிடம் கேட்கிறார். பகிடி செய்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. துவாய்க்குள் இருந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் எழும்பும் முன்பு, அவர் எழுந்து முன்னால் போனார். இடக் கையால் வலக் கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"ஒரு பேச்சு இரிக்கி," என்றார். "நான் பிறை காணல்ல. மேகத்துட ஓரத்தக் கண்டு பிறை எண்டு செல்லிட்டன். நீங்க எல்லாரும் என்ட சொல்லுல ஒரு நோன்ப விட்டீங்க. அது என்ட கழுத்துல இரிக்கி. என்ன மன்னிச்சிக்கங்க."

மரைக்கார் அப்துல் ஹமீட் எழுந்து நின்றார்.

"ஏன்டா, இத அண்டைக்கே செல்லி இரிக்கலாமே."

"அண்டைக்கு எனக்குத் தெரியா மரைக்கார்," என்றார் முனாப் காக்கா. "கை விழுந்த பொறகுதான் தெரிஞ்சிச்சி."

அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று வரை அதை எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை. அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

விட்ட நோன்பை ஊர் முழுவதும் ஒரே நாளில் கழாவாக நோற்று ஈடுசெய்வது என்று முடிவானது. அந்தத் திங்கட்கிழமை ஊரில் அடுப்புப் புகை இல்லை. தேத்தண்ணிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. முனாப் காக்காவும் நோன்பு. நடுப்பகலில் எங்கள் வேலிக்கு அப்பால் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. என் உம்மா ஆயிஷா உம்மா திடுக்கிட்டு வேலிக் கடப்பு வழியே ஓடினார். நானும் பின்னால் போனேன்.

றுகையா முன்கதவை அகலத் திறந்து வைத்து, தெருவுக்கு நேரே இருந்து, சோறு தின்றுகொண்டிருந்தார்.

"என்னகா இது?" என்றார் உம்மா. "ஊரே நோன்பு. உன்ட மாப்பிள்ளயே நோன்பு."

"ஊருக்கு நோன்பு. அவருக்கும் நோன்பு. எனக்கு அண்டைக்குப் பெருநாள். பெருநாளைக்குக் கழா இல்ல."

"புரியன் வாயாலயே காணல்ல எண்டு செல்லிட்டாரே புள்ள."

"அது அவர்ர வாய். இது என்ட வாய்," என்று சொல்லி இன்னொரு பிடி அள்ளி வைத்தார். அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் வடிந்து சோற்றில் விழுந்தது, கை நிற்கவில்லை. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கட்டிய மாப்பிள்ளை மீது இருந்த பாசம் அந்த மனிசியின் ஈமானையே தின்றுவிட்டது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஊர் முனாப் காக்காவை மன்னித்துவிட்டது. கண்ட இடத்தில் ஸலாம் சொன்னார்கள், கடையில் கற்பூரமும் சாம்பிராணியும் வாங்கினார்கள். ஆனால் எதற்கும் அவரிடம் சாட்சி கேட்கவில்லை. பஸ் பலகையைக்கூட யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. இடக் கையும் மெல்ல மெல்ல விழத் தொடங்கியது. எண்பத்தொன்றில், ஒரு வயிற்றுக் குத்தோடு வலிப்பும் வந்து மௌத்தானார். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியபோது, வழக்கப்படி கண்ணுக்குச் சுறுமா இட வேண்டியிருந்தது. அவருடைய சிமிழையே எடுத்துக் கொடுத்தார்கள். வலக் கையை இடக் கைமேல் மடித்து வைப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அது எப்போதோ பணிந்துவிட்டிருந்தது.

எண்பத்தைந்தில் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பையன் மக்கீன் அங்கே புவிச்சரிதவியல் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பிற்பகல் அவனைத் தேடி ஆய்வுகூடத்துக்குப் போனபோது, மேசைமேல் தட்டுத் தட்டாகக் கற்களைப் பரப்பி வைத்திருந்தான். ஒரு தட்டு முழுவதும் எரிமலை வாய்களிலும் வெந்நீர் ஊற்றுகளிலும் படிந்தவை. மஞ்சளாகக் கந்தகம். மருதாணிச் சிவப்பில் ஒன்று. அதன் பக்கத்தில் ஊசி ஊசியாகக் கறுத்து மின்னிய ஒரு கல். என் கை தானாக நீண்டது.

"இது சுறுமாக் கல்."

"ஓம், அந்திமனி. வெந்நீர் விட்டுப் போற சாமான்," என்றான் மக்கீன். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முனாப் காக்காட பழைய கல்லு இப்பிடித்தான் இரிந்திச்சி. மறுகா வந்த புதுக் கல்லு இதவிட நல்லம். கனம். சீனிக் கட்டி மாதிரிச் சதுரமா உடையும்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அடுத்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். சதுரங்கள் சிதறின. அதே பளபளப்பு. அதே கனம்.

"இதுவா?"

"இதுதான்."

"இது ஈயக் கல்லுடா. ரெண்டும் ஒரே வெந்நீர் பெத்த புள்ளைகள்தான். அரைச்சிட்டா வித்தியாசம் தெரியா. ஆனா இது நஞ்சு. வாயில கீயில வெச்சிராத, கை விழுந்திரும்."

நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. "என்ன விழும்?"

"கை. அச்சகத்துல ஈய எழுத்துக் கோக்கிற ஆக்களுக்கு வருமே, அந்த வருத்தம். கூட வேல செய்ற கைதான் முதல்ல விழும். மணிக்கட்டத் தூக்க ஏலா, விரல நிமித்த ஏலா. வயித்துக் குத்து வரும். முரசுல நீலக் கோடு விழும்."

நான் அங்கே கிடந்த முக்காலியில் இருந்துவிட்டேன். ஆய்வுகூடத்து யன்னலுக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த வெள்ளிக்கிழமையின் முழு வரிசையும், எழுந்த அத்தனை விரல்களும், எழாத அந்த ஒன்றும் என் கண்முன் வந்தன. நாக்கில் கோலை உருட்டிய ஒவ்வொரு மாலையும் வந்தது. எங்கள் வீட்டுச் சிமிழும், பெருநாள்தோறும் உம்மா இழுத்துவிட்ட என் தங்கச்சியின் கண்களும் வந்தன.

விடுமுறைக்கு ஊர் போனதும் நேரே றுகையா வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்: கல்லை, ஈயத்தை, விரலை. கை விழுந்ததற்கும் சத்தியத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, முனாப் காக்கா பிறையைக் கண்டுதான் இருக்க வேண்டும் என்றேன்.

றுகையா ஆச்சரியப்படவில்லை. கல்லைப் பற்றிச் சொன்னபோது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவர் கண்டாரு எண்டு எனக்குத் தெரியும் தம்பி."

"ஓம். நீங்க மட்டும்தான் அவர நம்பின."

"நம்பினதில்ல," என்றார். "அண்டைக்குக் கோழிக்கூட்டுக்கு மேல விறகு எடுக்க ஏறினன். வட்டைப் பக்கம் திரும்பினா, ஒத்த மருதுக்கு வலப் பக்கம், மேகத்துக்குக் கீழ நிக்கிது. ஸலவாத்துச் செல்லிட்டு எறங்கிட்டன். ஆம்புளயள் பாக்கப் போயிருக்காங்க, பொம்புளட சாட்சிய ஆரு கேக்கப் போற எண்டு நான் ஒருத்தருக்கும் செல்லல்ல. கை விழுந்த பொறகு அவருக்கிட்டச் செல்லினன். 'என்ன விட்டுக் குடுக்க ஏலாம நீ பொய் செல்றாய்' எண்டாரு. அவரே நம்பாதத ஊரு நம்புமா?"

ஊர் கழா நோன்பு நோற்ற நாளில் கதவைத் திறந்துவைத்து அவர் தின்றது, மாப்பிள்ளையின் வாக்கை நம்பி அல்ல. பள்ளி தேடிய இரண்டாவது சாட்சி அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.